எச்சிலில் வராத துக்கம்

"எச்சிக்காரி வந்துட்டா" என்று பந்தலுக்குள் யாரோ சொன்னது பியூலாவின் காதில் விழுந்தது. நான்கு வருடமாக இந்த வேலையில் இருக்கிறாள். அந்தப் பெயர் இப்போதெல்லாம் அவளுக்கு உறைப்பதில்லை. செருப்பை வாசலில் விட்டுவிட்டு, தோளில் தொங்கிய நீலப் பையை முன்னால் இழுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

பாளையங்கோட்டையின் ஓரத்தில் இருந்த சின்ன வீடு. முன்னறையில் ஐஸ் பெட்டிக்குள் ஆறுமுகநயினார் கிடந்தார். வயது ஐம்பத்தேழு. ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியராக இருந்தவர். ஒன்பது வருடம் முன்பு பக்கவாதம் வந்து படுத்தார், பிறகு எழுந்திருக்கவில்லை. அன்று மதியம் மூன்று மணிக்கு உயிர் போனது. இப்போது மணி ஐந்தரை.

படுக்கையில் கிடப்பவர் வீட்டில் இறந்தால், இல்லப் பராமரிப்பு வாரியத்திலிருந்து ஒருவர் மூன்று மணி நேரத்துக்குள் வந்துவிட வேண்டும். கூட இருந்தவர்களின் உமிழ்நீரை எடுக்க வேண்டும். அதன் முடிவு தெரியும்வரை உடலைத் தூக்கக் கூடாது. சட்டம் அப்படி. அந்தச் சட்டம் சும்மா வந்துவிடவில்லை. படுத்த படுக்கையாய்க் கிடந்த சிலரை வீட்டில் உள்ளவர்களே முடித்துவிட்டு, ஊரைக் கூட்டி அழுதது சில வருடங்களுக்கு முன் அடுத்தடுத்து வெளியே வந்தது. அழுகையை நம்ப முடியாது என்று ஆகிப்போனது. எச்சில் பொய் சொல்லாது என்றார்கள். மனம் அதிர்ந்தால் சிறுநீரகத்தின் மேல் குல்லா மாதிரி உட்கார்ந்திருக்கும் சுரப்பியிலிருந்து கார்டிசால் என்ற ஹார்மோன் ரத்தத்தில் இறங்குகிறது. கொஞ்ச நேரத்தில் எச்சிலிலும் அது தெரிகிறது. துக்கப்பட்ட உடம்பில் அது ஏறும், ஏறாத உடம்பு அந்தச் சாவை எதிர்பார்த்துக் காத்திருந்த உடம்பு. வாரியத்தின் கணக்கு அவ்வளவுதான்.

பியூலா அதை நம்பினாள். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடமே, மாரிலடித்துக்கொண்டு அழுத ஒரு மகனின் எச்சில் அசையாமல் கிடந்ததைப் பார்த்தவள் அவள். பின்னால் அவனே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான்.

"வாரியத்துல இருந்து வந்திருக்கேன். வீட்டுக்காரம்மா யாரு?"

ஐஸ் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். "உள்ள இருக்கா" என்றாள் ஒருத்தி. சொன்ன விதத்தில் ஒரு குறை இருந்தது.

செண்பகவல்லி அடுக்களையில் பால் பாக்கெட்டை வெட்டிக்கொண்டிருந்தாள். ஒல்லியான உடம்பு, வலது தோள் மட்டும் சற்றே இறங்கியிருந்தது. அழுத முகமாக இல்லை. பியூலாவைப் பார்த்ததும், "வா தாயி. பைய அந்த ஸ்டூல்ல வையி. மெஷினுக்குக் கரண்டு வேணுமா? பிளக்கு ஜன்னலுக்குக் கீழ இருக்கு" என்றாள்.

"வேண்டாம்க்கா, இது பேட்டரிதான். இந்தப் பஞ்ச நாக்குக்கு அடில ரெண்டு நிமிஷம் வச்சிருக்கணும். இன்னைக்கு ஒண்ணு. நாளைக்குக் காலைல நீங்க கண்ணு முழிச்ச ஒடனே ஒண்ணு, அதுக்கு அரை மணி நேரம் கழிச்சு ஒண்ணு. மொத்தம் மூணு."

"வாய் எப்பவும் வறண்டுதான் கெடக்கும். ரெண்டு நிமிஷத்துல ஊறுமான்னு தெரியலியே."

ஊறவில்லை. ஐந்து நிமிடம் ஆனது. பஞ்சு பாதிதான் நனைந்திருந்தது. அந்த ஐந்து நிமிடமும் செண்பகவல்லி அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள், பால் பொங்கிவிடக் கூடாது என்று.

அடுத்து இறந்தவரின் தம்பி சங்கரகுமார். ஓசூரில் வேலை. அண்ணனைப் பார்க்க முந்தின நாள்தான் வந்திருந்தான், அதனால் அவனும் 'கூட இருந்தவர்' கணக்கில் சேர்ந்துவிட்டான். கண் இரண்டும் சிவந்து வீங்கியிருந்தன. பஞ்சை வாயில் வைத்துக்கொண்டே விம்மினான்.

பத்து நிமிடத்தில் கருவி இரண்டு பேருடைய அளவையும் காட்டியது. சங்கரகுமாருக்குச் செங்குத்தாக ஏறியிருந்தது. செண்பகவல்லியின் கோடு தரையோடு தரையாகக் கிடந்தது. சாதாரண நாளில் சாதாரண மனுஷிக்கு இருக்கவேண்டிய அளவுகூட இல்லை.

பியூலா பையை மூடினாள்.

மறுநாள் காலை ஐந்தரைக்கெல்லாம் அவள் திரும்பி வந்துவிட்டாள். விழித்தவுடன் எடுக்க வேண்டும் என்றால், விழிப்பதற்கு முன்பே பக்கத்தில் இருக்க வேண்டும். காலையில் கண் திறந்த அரை மணி நேரத்துக்குள் எல்லா மனிதர்களுக்கும் கார்டிசால் ஒரு முறை குபீரென்று ஏறும். அன்றைய நாளுக்கு உடம்பு அப்படித்தான் ஆயத்தமாகிறது. துக்க வீட்டில் அந்த ஏற்றம் இன்னும் கூடுதலாக இருக்கும்.

"நல்லா தூங்குதா பாரு" என்றாள் முன்னறையில் இருந்த ஒரு கிழவி, பியூலாவைப் பார்த்தும் பார்க்காத மாதிரி. "புருசன் ஐஸ் பெட்டில கெடக்காரு. இவ ராத்திரி ஒன்பது மணிக்குப் படுத்தவ, இன்னும் பொரண்டுகூடப் படுக்கல. குறட்ட வேற."

செண்பகவல்லி பின்னறையில், காலியான கட்டிலுக்குக் கீழே, வெறுந்தரையில் கிடந்தாள். கட்டிலில் காற்று மெத்தை இன்னும் மெல்ல உறுமியபடி ஒரு பக்கம் உப்பி மறுபக்கம் தணிந்துகொண்டிருந்தது. அதை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை. அறையில் படுக்கைப் புண் வாடை கொஞ்சம்கூட இல்லை என்பதை பியூலா கவனித்தாள். ஒன்பது வருடம் படுத்தவரின் அறை இப்படி இருந்து அவள் பார்த்ததில்லை.

ஆறு மணிக்குத் தலைமாட்டில் இருந்த போன் அலறியது. பியூலா பதறிப்போய் எடுத்தாள். திரையில் ஒரே ஒரு சொல்: 'வலப்பக்கம்.' அவள் நிறுத்தினாள். செண்பகவல்லி அசையவில்லை. கீழே வரிசையாக அடுத்தடுத்த அலாரங்கள். எட்டு மணிக்கு 'இடப்பக்கம்', பத்து மணிக்கு 'மல்லாக்க', பன்னிரண்டுக்கு 'வலப்பக்கம்'. விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தன. பகலும் ராத்திரியும், இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று.

செண்பகவல்லி கண் விழித்தபோது மணி ஏழு பத்து. எழுந்ததும் முதலில் கட்டிலைப் பார்த்தாள். பிறகு பியூலாவைப் பார்த்தாள். வாயைத் திறந்து காட்டினாள்.

இரண்டாவது பஞ்சிலும் ஒன்றுமில்லை. அரை மணி நேரம் கழித்து எடுத்த மூன்றாவதிலும் இல்லை. கருவி மூன்று அளவையும் சேர்த்துப் பார்த்துவிட்டுச் சிவப்பு விளக்கைப் போட்டது. அந்த விளக்கு எரிந்த கையோடு காவல் நிலையத்துக்கும் மாவட்ட மருத்துவ ஆய்வருக்கும் செய்தி போய்விடும். யாரும் அனுப்ப வேண்டியதில்லை, யாராலும் நிறுத்தவும் முடியாது.

ஒன்பது மணிக்கு வண்டி வந்தது. ஐஸ் பெட்டியிலிருந்து உடலை எடுத்துப் பிணவறைக்குக் கொண்டுபோனார்கள். தெருவே வாசலில் நின்றது. சங்கரகுமார் செண்பகவல்லியின் முன்னால் வந்து நின்றான்.

"மைனி, எங்கண்ணன என்ன பண்ணினிய?"

செண்பகவல்லி அவனை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இல்லை. களைப்பு மட்டும் இருந்தது.

"பண்ணாதது என்ன இருக்கு தம்பி? எல்லாந்தான் பண்ணினேன்."

கூட்டத்துக்கு அது போதுமானதாக இருந்தது. "அவ வாயாலேயே சொல்லிட்டா கேட்டியளா" என்ற குரல் பின்னாலிருந்து வந்தது. பெண் காவலர் ஒருவர் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். செண்பகவல்லி வீட்டை விட்டுப் போகக் கூடாது என்று உத்தரவு.

பியூலா பஸ் நிறுத்தத்தில் நின்றபோதுதான் அந்த எண்ணம் வந்தது. வந்த பஸ்ஸில் ஏறாமல் விட்டுவிட்டாள். ஒரு ஆட்டோவைப் பிடித்து நேராக மாவட்ட மருத்துவ ஆய்வர் அலுவலகத்துக்குப் போனாள்.

டாக்டர் கோமதிநாயகம் ஓய்வு பெற இன்னும் ஏழு மாதம் இருந்தது. மேசையில் கோப்புகளுக்கு நடுவே இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன பியூலா, சிவப்பு போட்டுட்டு நிம்மதியா வீட்டுக்குப் போகாம இங்க வந்து நிக்க?"

"சார், ஒரு சந்தேகம். அவங்க துக்கப்படலன்னு மெஷின் சொல்லுது. சரி. அவங்க கொன்னுருந்தா பயமாவது இருக்கணும்லா? மெஷினோட நான் தலமாட்டுலயே நிக்கேன், வீட்டுல எல்லாரும் சந்தேகமாப் பாக்காவ. பயந்தாலும் அதே ஹார்மோன்தான ஏறும்?"

"ஏறும்."

"இவங்களுக்கு அதும் ஏறல சார். முந்தி அந்த மகன் கேஸ்ல துக்கம் இல்லன்னாலும், மறுநாள் சிவப்பு விழுந்து போலீஸ் வந்த பெறகு இன்னொரு பஞ்சு எடுத்தப்பம் துள்ளிச்சு. இவங்களுக்கு ஒண்ணுமே இல்ல. அழவும் இல்ல, பயப்படவும் இல்ல. காலைல முழிச்சா ஏறவேண்டியதுகூட ஏறல."

டாக்டர் இட்லியை ஓரமாகத் தள்ளி வைத்தார்.

"எத்தன வருசமாப் பாத்தா?"

"ஒன்பது. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ அலாரம் வச்சு, எந்திரிச்சுத் திருப்பிப் போட்டுருக்காங்க."

மேசை மணியைக் காட்டினார்.

"இத ஒருத்தன் நாள் பூரா அடிச்சுக்கிட்டே இருந்தா என் பியூன் என்ன செய்வான்? மொதல்ல ஓடி வருவான். பெறகு மெதுவா வருவான். கடைசில காது கேக்காத மாதிரி உக்காந்துக்கிடுவான். மூளை அந்தச் சுரப்பியக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தா அதுவும் அப்பிடித்தான். ஆரம்பத்துல கொட்டும். வருசக்கணக்கா ஆனா ஒடம்பே கொறச்சிரும். இல்லன்னா மனுசன் தாங்க மாட்டான். அந்தம்மாவுக்குத் துக்கம் இல்லாம இல்ல பியூலா. அத எச்சில்ல கொண்டுவந்து காட்ட ஒடம்புல ஆளு இல்ல."

"அப்பம் அத எழுதி ரிலீஸ் பண்ணிருங்க சார்."

"என் வாய் வார்த்தைக்கு வாரியம் ஒத்துக்கிடாது. இந்த மெஷினுக்கு அளவு எடுத்தது யார் கிட்டன்னு நெனக்க? ஆஸ்பத்திரில திடீர்னு செத்தவங்களோட சொந்தக்காரங்க கிட்ட. நேத்து வரைக்கும் நல்லா தூங்கி எந்திரிச்ச சனங்க. வருசக்கணக்கா பாத்துக்கிட்டவங்கள ஒருத்தரும் சேக்கல. மூணு நாளைக்குள்ள நான் காரணம் காட்டினா சிவப்ப எடுக்கலாம். ஆனா ஒருத்திக்கு மட்டும் இப்பிடின்னா அது அவ குத்தம்னு சொல்லிருவான். பத்துப் பேருக்கு இப்பிடின்னா மெஷின் குத்தம்."

பியூலாவின் பையில் ஒரு பதிவேடு இருந்தது. அவளுடைய எல்லைக்குள் படுக்கையில் கிடப்பவர்கள் உள்ள வீடுகள். என்றைக்காவது போகவேண்டி வரும் வீடுகள். இன்னும் சாவு விழாத வீடுகளில் எச்சில் எடுக்க அவளுக்கு அதிகாரம் இல்லை. டாக்டருக்கும் அது தெரியும். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே, "ஸ்டோர்ல பஞ்சுக் குழாய் நெறைய கெடக்கு, எண்ணிக்கை எல்லாம் நான் பாக்கதில்ல" என்றார்.

அலுவலக வாசலில் சங்கரகுமார் நின்றான். காரை எடுத்துக்கொண்டு அவளுக்குப் பின்னாலேயே வந்திருந்தான்.

"மேடம், உள்ள என்ன பேசுனிய? எங்க மைனியக் காப்பாத்தவா? அவங்க சொன்னத நீங்களும் கேட்டிய."

அவனிடம் எதையாவது விளக்க நேரம் இல்லை. பதினொரு வீடு போக வேண்டும்.

"கார் இருக்குல்லா? வாங்க. எங்க போறேன்னு நீங்களே பாருங்க."

அந்த மதியம் முழுதும் அவர்கள் சுற்றினார்கள். பியூலா எல்லா வீட்டிலும் ஒன்றையே சொன்னாள். நாளை காலை கண் விழித்ததும் ஒரு பஞ்சு, அரை மணி நேரம் கழித்து ஒரு பஞ்சு, மூடி ஃப்ரிட்ஜில் வைத்திருங்கள், வந்து வாங்கிக்கொள்கிறேன்.

முதல் வீட்டில் குருசுமுத்து என்கிற பெரியவர். மறதி நோய் முற்றிய மனைவியை ஆறு வருடமாகப் பார்த்துக்கொள்கிறார். பஞ்சைக் கையில் வாங்கியதும், "எனக்கு ஏதும் சீக்கு இருக்குன்னு சந்தேகப்படுதியளா? இருந்தா இப்பமே சொல்லிருங்க. அவளுக்கு முந்தி நான் போகக் கூடாது" என்றார். உள்ளேயிருந்து அவர் மனைவி, "யாரு வே அது, வெளிய போகச் சொல்லும்" என்று கத்தினாள். அவர் சிரித்துக்கொண்டே, "என்னத்தான் சொல்லுதா" என்றார்.

நான்காவது வீட்டில் ஒரு இளம்பெண். பெயர் சுடரொளி. மாமனாரைப் பார்த்துக்கொள்கிறாள். பஞ்சை வாங்க மாட்டேன் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"இது எதுக்குன்னு எனக்குத் தெரியும். தப்பா வந்துச்சுன்னா எம்மேல கேஸ் போடுவியளா? மாமா உயிரோடதான இருக்காவ?"

"கேஸ் இல்லம்மா. பேரே எழுத மாட்டேன். உன்ன மாதிரி ஒரு அக்காவுக்காகத்தான் கேக்கேன்."

அவள் யோசித்துவிட்டுக் கையை நீட்டினாள்.

ஏழாவது வீட்டில் மரகதவடிவு என்ற அம்மாள், விபத்தில் முதுகெலும்பு முறிந்த இருபத்தாறு வயது மகனை வைத்திருந்தாள். அவர்கள் போன நேரம் அவனைத் திருப்பும் நேரமாக இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் வரவில்லை. அம்மாள் சங்கரகுமாரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"தம்பி, ஒரு கை பிடிங்களேன். இடுப்புக்குக் கீழ கையக் குடுங்க. நான் தோளப் பிடிச்சுக்கிடுதேன். இழுக்கக் கூடாது, தூக்கணும். இழுத்தா தோலு உரிஞ்சு புண்ணாயிரும்."

சங்கரகுமார் குனிந்து கையைக் கொடுத்தான். தூக்க முடியவில்லை. மறுபடி மூச்சைப் பிடித்துத் தூக்கினான். அவன் வளர்ந்த ஆள், உடற்பயிற்சி செய்கிறவன். அப்படியும் முகம் வேர்த்துவிட்டது. அந்த அம்மாள் ஒரு தலையணையை முதுகுக்குப் பின்னால் செருகி, இன்னொன்றை முட்டிகளுக்கு நடுவே வைத்து, சட்டைச் சுருக்கத்தை விரலால் நீவிவிட்டாள். "இனி ரெண்டு மணி நேரத்துக்குக் கவலையில்ல" என்றாள்.

காருக்குத் திரும்பியதும் அவன் சாவியைப் போட்டானே தவிர வண்டியைக் கிளப்பவில்லை.

"எங்கண்ணன் இந்தப் பையன விட ரெண்டு மடங்கு இருப்பான்" என்றான். "நான் வரும்போதெல்லாம் ஆப்பிளு வாங்கிட்டு வருவேன். கட்டில்ல உக்காந்து பழைய கதையெல்லாம் பேசுவேன். அழுவேன். ஒன்பது வருசத்துல ஒரு தடவகூட அவனத் திருப்பிப் போட்டதில்ல மேடம். மைனியும் என்னக் கூப்பிட்டதே இல்ல."

அவன் ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டான். பிறகு, "அடுத்த வீடு எங்கன?" என்று கேட்டான்.

மறுநாள், சனிக்கிழமை காலை, குழாய்களை வாங்கிவந்து டாக்டரின் மேசையிலேயே வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். பதினொரு பேரில் ஒன்பது பேருடைய கோடு படுத்துக் கிடந்தது. குருசுமுத்துவுக்கு, சுடரொளிக்கு, மரகதவடிவுக்கு. ஒரு வீட்டில் மட்டும் காலை ஏற்றம் நன்றாகவே இருந்தது. அந்த வீட்டில் பகலில் ஒரு நர்ஸ் வந்துபோவாள். இன்னொருத்தி பார்த்துக்கொள்ளத் தொடங்கி ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. அவளுடைய அளவு எக்கச்சக்கமாகத் துள்ளியது.

"இவ இப்பதான் ஓடி வர ஆரம்பிச்சிருக்கா" என்றார் டாக்டர்.

பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இந்த ஒன்பது வீட்டுல இன்னைக்கு யாருக்காவது உசிரு போச்சுன்னா ஒன்பது பேரும் சிவப்பு. இதுவரைக்கும் எத்தன பேருக்குப் போட்டோமோ."

பியூலாவுக்கு அந்தக் கேள்வி முந்தின நாளிலிருந்தே இருந்தது. நான்கு வருடத்தில் அவளுடைய கருவி இருபத்து மூன்று முறை சிவந்திருக்கிறது. அதில் ஒரே ஒருவன்தான் ஒப்புக்கொண்டவன். மற்றவர்களின் முகங்களை அவள் நினைத்துப் பார்க்கப் பயந்தாள்.

பிரேதப் பரிசோதனை அறிக்கையும் அதற்குள் வந்திருந்தது. காலில் உறைந்த ரத்தக் கட்டி ஒன்று நுரையீரலில் போய் அடைத்திருக்கிறது. வெளிக்காயமோ விஷமோ இல்லை. டாக்டர் கோமதிநாயகம் நான்கு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். மாலை நான்கு மணிக்கு உடல் வீடு திரும்பியது. பொழுது சாய்வதற்குள் தகனம் முடிந்தது. சங்கரகுமார் கொள்ளி வைத்தான்.

சுடுகாட்டிலிருந்து வந்து குளித்துவிட்டு, ஈரத் துண்டோடு அவன் செண்பகவல்லியின் முன்னால் வந்து நின்றான். முன்னறையில் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

"மைனி, போயிப் படுங்க. எத்தன நேரம் வேணும்னாலும் தூங்குங்க. ஒருத்தரும் உள்ள வராம நான் பாத்துக்கிடுதேன்."

அவள் தலையாட்டிவிட்டுப் போய்ப் படுத்தாள். அவன் அந்த அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டான்.

பியூலாவுக்கு வாரியத்திலிருந்து குறிப்பாணை வந்தது. அனுமதியின்றி மாதிரி எடுத்ததற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். எழுதிக் கொடுத்தாள். இரண்டு மாதம் கழித்து, பழைய சிவப்பு வழக்குகளை எல்லாம் மறுபடி பார்க்கப்போவதாக ஒரு கடிதம் வந்தது. படிவத்தில் ஒரு கட்டமும் புதிதாகச் சேர்ந்தது: 'எத்தனை ஆண்டுகளாகப் பராமரிக்கிறார்?' டாக்டர் அந்தக் கட்டத்தைக் காட்டி, "எனக்குக் கெடச்ச பணி ஓய்வுப் பரிசு" என்றார். கூடவே செண்பகவல்லியின் அளவை இப்போது ஒரு முறை எடுத்து வைத்தால் மறு ஆய்வுக்கு உதவும் என்றும் சொன்னார்.

பியூலா போனபோது காலை பத்து மணி. செண்பகவல்லி கொஞ்சம் சதை போட்டிருந்தாள். கட்டிலும் மெத்தையும் போய், அந்த அறையில் வெயில் முழுசாக விழுந்துகொண்டிருந்தது. போனில் சொல்லியிருந்தபடி, காலையில் எடுத்த இரண்டு குழாய்களையும் ஃப்ரிட்ஜிலிருந்து கொண்டுவந்து கொடுத்தாள். பஞ்சு நன்றாக நனைந்திருந்தது.

"இப்பம் வாய் ஊறுது தாயி. ஊறுகா நெனச்சாலே ஊறுது. நேத்து ரசத்துல புளி கூடிப்போச்சுன்னு எனக்கே தெரிஞ்சுது. இத்தன வருசமா நான் என்னத்தத் தின்னேன்னே தெரியாது."

பியூலா குழாய்களைக் கருவியில் செருகினாள். "தூக்கம் எப்பிடிக்கா?"

"மொத ஒரு மாசம் பொணம் மாதிரி தூங்குனேன். இப்பம் இல்ல." அவள் தரையில் உட்கார்ந்து காலை நீட்டினாள். "இப்பம்தான் அழுக வருது. காலைல எந்திரிச்ச ஒடனே வருது. சட்டி கழுவும்போது வருது. சாவு வீட்டுல அழாதவ, இப்பம் பாத்திரத்தோட ஒக்காந்து அழுதான்னு பக்கத்து வீட்டுல சிரிக்காளுவ."

"அழுங்கக்கா. அது நல்லதுதான்."

"உனக்குத் தெரியாது."

கருவி மெல்ல ஓடிக்கொண்டிருந்தது. செண்பகவல்லி தன் இடது மணிக்கட்டைத் தடவினாள்.

"அவுகளுக்குப் பேச வராதுல்லா. ராவுல கூப்பிட ஒரு கயிறு கட்டியிருந்தேன். ஒரு நுனி அவுக விரல்ல, ஒரு நுனி இந்தக் கைல. எதும் வேணும்னா இழுப்பாவ. பகல்ல நான் செத்த நேரம் கண்ணயர்ந்தாலும் கட்டிக்கிடுவேன். அன்னைக்கு மத்தியானம் கொழுந்தனாரு கடைக்குப் போயிருந்தாரு. நான் படுத்தேன். மூணு மணி இருக்கும். கயிறு இழுத்துச்சு."

பியூலா கருவியிலிருந்து கையை எடுத்தாள்.

"நான் முழிச்சிட்டேன். தூக்கத்துல இருந்தேன்னு சொல்ல மாட்டேன். முழிச்சிட்டேன். கண்ண மட்டும் தொறக்கல. எப்பவும் ரெண்டு தடவ இழுப்பாவ. ரெண்டாவது இழுக்கட்டும், எந்திரிப்போம்னு கெடந்தேன். அஞ்சு நிமிஷம் இருக்கும். அவ்ளதான்." அவள் குரல் உடையவில்லை. "அவுக ரெண்டாவது தடவ இழுக்கல."

தெருவில் காய்கறி வண்டியின் ஒலிபெருக்கி போய்க்கொண்டிருந்தது. அப்போது கருவி சிணுங்கியது.

"என்ன போட்டிருக்கு?"

பியூலா திரையைத் திருப்பிக் காட்டினாள். கோடு அழகாக, பாடப் புத்தகத்தில் போடுகிற மாதிரி ஏறி இறங்கியிருந்தது. கீழே பச்சை எழுத்தில் இருந்தது: 'இயல்பான துக்கம். நடவடிக்கை தேவையில்லை.'

செண்பகவல்லி அதை எழுத்துக் கூட்டிப் படித்தாள். "அன்னைக்கு எனக்கு நெஞ்சுல ஒண்ணுமே இல்ல. இந்தக் கயிறுகூட நெனப்புல இல்ல. அன்னைக்குச் சிவப்பு. இன்னைக்கு எல்லாத்தையும் வச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கேன். பச்சையா?"

துக்கமா, குற்ற உணர்ச்சியா, இரண்டு மாதம் கழித்து வந்த பயமா, எது வந்தாலும் எச்சிலில் அது ஒரே ஹார்மோன்தான்.

"தாயி, நான் ஒண்ணு கேக்கேன். அந்த ரத்தக் கட்டி... நான் மொத இழுப்புலேயே எந்திரிச்சிருந்தா?"

அறிக்கையில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. டாக்டரிடம் பியூலா அப்போதே கேட்டிருந்தாள். சில பேருக்கு ஒரு நிமிடம், சில பேருக்கு அரை மணி நேரம், உறுதியாகச் சொல்ல முடியாது என்று அவர் கையை விரித்திருந்தார்.

"இல்லக்கா. ஒரு நிமிஷத்துல முடிஞ்சிருக்கும்னு டாக்டர் சொன்னாரு. நீங்க எந்திரிச்சிருந்தாலும் ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது."

"நெசமாவா?"

"நெசந்தான்."

செண்பகவல்லி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையை நீட்டி, திறந்து கிடந்த நீலப் பையிலிருந்து புதுப் பஞ்சு ஒன்றை எடுத்துப் பியூலாவிடம் நீட்டினாள்.

"அப்பம் இத நாக்குக்கு அடில வையி."

பியூலா அதை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டாள். விழுங்கப் பார்த்தாள். வாயில் ஈரம் இல்லை. அவள் கண் நிறைந்துகொண்டு வந்தது.

செண்பகவல்லி பஞ்சை அவள் கையிலிருந்து திரும்ப வாங்கிப் பைக்குள் போட்டு, ஜிப்பையும் இழுத்து மூடினாள்.

"வேண்டாம், விடு" என்றாள். "நான் காப்பி போடுதேன். குடிச்சிட்டுப் போ."